அம்மாவுக்கு நான் வாயாக இருந்த கோடை

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் டெல்லித் தமிழர்களான நாம் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டி வலி, கொலஸ்ட்ரால், சுகர். போன மாதம் மயூர் விஹாரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, "எனக்குச் சுகர் எக்கச்சக்கம், டாக்டரே பயந்துட்டார்" என்று ஏதோ பதவி உயர்வு வந்ததுபோலச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். இலைக்கு அடியில் என் உள்ளங்கை வியர்த்துப் போயிருந்தது.

அந்த வியர்வைக்குக் காரணம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு கோடை. அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு எங்களுடையது. நீங்களும் அந்த மின்வெட்டில் வெந்தவர்கள்தான், அதனால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. வருஷத்தில் பாதி நாள் டூர். அந்த மார்ச்சிலேயே ஷில்லாங் போய்விட்டார். அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஹிந்தியில் விலை கேட்கும் "கித்னா"வைத் தாண்டவில்லை. காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டுவாள். அவன் இரண்டு விரல் காட்டினால் இவள் ஒன்றரையாக மடக்குவாள். வேறு எது என்றாலும் நான்தான் பேச வேண்டும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர்காரன் எல்லாரிடமும் அம்மாவுக்கு வாய் நான். அதில் எனக்கு எக்கச்சக்கக் கர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் தம்பி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். டெல்லி வெயிலில் யார்தான் குடிக்கவில்லை? அதனால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆறு இட்லி தின்றுவிட்டு ஏழாவதற்குத் தட்டை நீட்டுவான். "வளருத பிள்ள, திங்கட்டும்" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் அவன் மெலிந்துகொண்டே போனான். டவுசர் இடுப்பில் நிற்காததால் அம்மா அதை அரைஞாண் கயிற்றில் செருகி விட்டாள். வெயில்தான் உறிஞ்சுகிறது என்று மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி சொன்னார். அம்மா வேளைக்கொரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். அவன் மடமடவென்று குடிப்பான். கக்கூஸ் மூலையில் கறுப்பு எறும்பு சாரை சாரையாக வந்தது. அம்மா அதற்கு மஞ்சள்பொடி தூவினாள்.

ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கியது. வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. நான் மாடிக்கு ஓடி ஆன்ட்டியைக் கூட்டி வந்தேன், அவர் ஆட்டோ பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் அவன் கண்ணைத் திறந்த பிறகுதான் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். நரைத்த தலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"பேட்டா, சாப்பிட்டது எல்லாம் என்ன ஆகிறது தெரியுமா?" என்று என்னிடமே கேட்டார். வயிற்றில் வேகிறது என்றேன். அவர் சிரித்தார். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, கோடி கோடியாக, அதற்கு செல் என்று பெயர். ஒவ்வொரு அறைக்குள்ளும் அடுப்பு எரிகிறது. சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறி ஒவ்வொரு அறை வாசலுக்கும் போகிறது. உள்ளே போய் எரிந்தால்தான் கண் பார்க்கும், கால் ஓடும், இதயம் அடிக்கும். நாம் மூச்சு இழுப்பதும் அந்த அடுப்புக்காகத்தான், காற்று இல்லாமல் எது எரியும்? விடுகிற மூச்சு அதன் புகை. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் தம்பியைப் பார்த்தார்.

"உங்கள் தெருவுக்குக் கேஸ் சிலிண்டர் வருகிறது. வண்டி நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி இல்லை. தெருவெல்லாம் சிலிண்டர், உள்ளே அடுப்பு அணைந்து கிடக்கிறது. அப்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நாற்காலியை உடைத்து எரிப்பார்கள், கட்டிலை எரிப்பார்கள். உன் தம்பியின் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் அப்படித்தான் எரித்திருக்கிறது. வாயில் அடித்தது அந்தப் புகைதான். சாவிக்கு இன்சுலின் என்று பெயர். அவன் உடம்பில் அது ஊறுவது நின்றுவிட்டது. இனிமேல் நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், தினமும், ஆயுசுக்கும்."

நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்பம் நான் கரைச்சு கரைச்சுக் குடுத்த குளுக்கோசு?"

அதை நான் ஹிந்தியில் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பின்னாளில் பள்ளியில் மைட்டோகாண்ட்ரியா என்ற பாடம் வந்தது. உணவின் சர்க்கரையை ஒரேயடியாகக் கொளுத்தாமல், படிப்படியாக உடைத்து, ஏடிபி என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சக்தியைக் கட்டி வைக்கும் இடம் என்று டீச்சர் படம் வரைந்தார். மற்றப் பிள்ளைகள் அந்த நீள்வட்டத்துக்குக் கலர் பென்சில் தீட்டினார்கள். எனக்குத் தம்பியின் வாயில் அடித்த அந்த வாடை மூக்கில் ஏறியது, நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் சமையலறையில் காலையில் முதலில் காய்ந்தது தம்பியின் சிறுநீர்தான், பால் அதற்கப்புறம். அப்போது விரலைக் குத்திப் பார்க்கும் கருவி நம்மைப் போன்றவர்கள் வீட்டில் ஏது? கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் என்ற நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், துணி கிளிப்பால் பிடித்து அடுப்பில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. கொதிக்கும் வரை நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பச்சையில் நின்றால் அம்மா, "முருகா" என்று கிளிப்பை எடுப்பாள். பிறகு எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசியை வேகவைத்து, தம்பியின் தொடையில் போடுவாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு போனில் கூப்பிடுவார். "இங்க பாரு, அம்மாவுக்கு இங்கிலீசும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. மருந்துக்கு நீதான் பொறுப்பு. ஃப்ரிட்ஜுல குளிர்ச்சியா இருக்கணும், சூடு பட்டா போச்சு. சரியா?" என்றார். சரி என்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்கென்று விட்ட குழியில் எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம்தான் இருக்கும். அதன் பக்கத்தில் அந்தச் சின்னப் பாட்டில் நின்றது. கலங்கிய வெள்ளை மருந்து. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கதவைத் திறந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

மே பாதியில் எங்கள் வரிசைக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. வெளியே லூ காற்று அடுப்பைத் திறந்து விட்டதுபோல அடித்தது. ஃப்ரிட்ஜுக்குள் ஐஸ் உருகித் தரையில் ஓடியது. பாட்டிலைத் தொட்டால் ஆறின டீ டம்ளரின் சூடு. நான் அதை ஈரத்துணியில் சுற்றி மண்பானை மேல் வைத்தேன், விசிறினேன், தம்பியைக்கூட அவ்வளவு விசிறவில்லை. மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. மறுபடி எப்போது போகுமோ. இன்னும் கொஞ்சம் அதிகக் குளிர்ச்சியில் இருந்தால் அடுத்த மின்வெட்டைத் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. பாட்டிலை எடுத்து மேலே ஐஸ் தட்டுகளுக்கு நடுவில் சொருகினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமான காரியம் செய்துவிட்ட திருப்தியில் தூங்கினேன்.

காலையில் அது கட்டியாக இருந்தது. அம்மா எழுந்து வருவதற்குள் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஊதி ஊதி உருக்கினேன். பல் தேய்க்க வந்த தம்பி, "க்யா கர் ரஹீ ஹை, அக்கா? என்ன செய்யுத?" என்றான். ஒன்றுமில்லை, போ என்றேன். உருகிய மருந்தில் மோர் திரிந்ததுபோலச் சின்னச் சின்னத் துகள். குலுக்கினேன். துகள் மறைந்ததாகத்தான் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.

மத்தியானம் மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடியெழுத்துக் காகிதத்தை முதல் தடவையாகப் பிரித்துப் படித்தேன். உறைய விடக் கூடாது, உறைந்து போனதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று முப்பத்தைந்து வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் கைக்குப் பயம், அப்பா போனில் என்ன சொல்வார் என்று பயம். மருந்துப் பொறுப்பு என் கையை விட்டுப் போய்விடுமே என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிது. காகிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். லூ காற்று அள்ளிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் குழாயில் ஆரஞ்சு. நாலாம் நாள் செங்கல் நிறம். அம்மா இன்னொரு தடவை காய்ச்சினாள். மறுபடியும் செங்கல்.

"களவாண்டு தின்னிருக்கான்" என்றாள் அம்மா. சீனி டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. தம்பியின் பள்ளிப்பையைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து பளபளவென்று நாலைந்து மிட்டாய்த் தாள் விழுந்தது. அவன் நெடுநாளாக நீவி நீவி சேர்த்து வைத்திருந்த தாள்கள் அவை, அது எனக்குத் தெரியும்.

"நான் திங்கலம்மா. பழைய தாளு."

"பொய் வேற சொல்லுதியால?" முதுகில் இரண்டு வைத்தாள். அடித்துவிட்டு அவளே சுவரில் சாய்ந்து அழுதாள். நான் கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஊசி தவறாமல் போட்டோம். அம்மா இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். அவனோ, "அக்கா, பானி தே, ஜல்தி" என்று தண்ணீருக்கு அவசரமாக என்னையே கூப்பிடுவான். ஒவ்வொரு டம்ளருக்கும் குனிந்து அவன் வாயை மோந்து பார்ப்பேன். உள்ளே கோடிக்கணக்கான அறைகள், எல்லாவற்றிலும் அடுப்பு அணைகிறது, எல்லாருமாகக் கட்டிலை உடைக்கிறார்கள். அதை எனக்குத் தெரிந்த அளவுக்கு அம்மாவுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் அந்த வாடை வந்தது.

அதே வார்டு. முதல் தடவை வந்தபோது கொஞ்சம் தமிழ் தெரிந்த மலையாள நர்ஸ் ஒருவர் இருந்தார், அவரை இப்போது வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தம்பிக்கு ஊசி ஏறி, பேச்சு வந்தது இரண்டாம் நாள். டாக்டரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "தவாய் ஜம் தோ நஹீ கயீ தீ? மருந்து உறைந்து போகவில்லையே? ஐஸில் யாராவது வைத்தீர்களா? அம்மாவிடம் கேள்."

"என்னட்டி கேக்காவ?" என்றாள் அம்மா.

"தம்பி மிட்டாய் தின்னானான்னு கேக்காங்க."

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் டெல்லித் தெருவில் விளையாடி வளர்ந்தவன், ஹிந்தி அவனுக்கு என்னைவிடச் சரளம்.

அம்மா அவன் பக்கம் குனிந்தாள். "நெசத்தச் சொல்லுல. அம்மா அடிக்க மாட்டேன். தின்னியா?"

அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்தபடியே, "ஆமா. தின்னேன்" என்றான்.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். மருந்து உறையவில்லையாம், அவன் மிட்டாய் தின்றானாம் என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு அவன் தலையைக் கோதினார். அப்படியானால் மருந்து சரிதான், வீட்டில் இருக்கும் அதே பாட்டிலைத் தொடரலாம், வாயைக் கட்ட வேண்டும் என்றார். அதையும் சொன்னேன். அதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

நாலாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் அவன் என் மடியில் தலை வைத்துப் படுத்து வந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி. புதுப் பாட்டிலுக்கு என்ன செய்யலாம்? இதைக் கீழே போட்டு உடைக்கலாமா? உடைத்தால் ஏன் உடைந்தது என்பார்களா? ஆறு மணிக்கு வெயில் இன்னும் எதிர்மதிலில் இருந்தது. அம்மா ஊசியை வேகவைத்து எடுத்தாள். எலுமிச்சம்பழத்தின் பக்கத்திலிருந்து பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள், உறிஞ்சினாள். தம்பி டவுசரை விலக்கித் தொடையைக் காட்டினான். கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு மறுபடி அந்த வாடைக்குள் போய்விடுவான்.

"அம்மா, போடாத!" அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "அது கெட்டுப்போச்சு. நான்தான் ஐஸ்ல வச்சேன். டாக்டர் அதத்தான் கேட்டாங்க. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. ஊசியைத் தட்டில் வைத்தாள். பிறகு அறைந்தாள். இரண்டாவது அறையில் நான் ஃப்ரிட்ஜில் போய் இடித்தேன். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது தம்பி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் நீ திங்கல்லியா? பொறவு ஏம்ல தின்னேன்னு சொன்ன?"

"அக்கா சொன்னது ஜூட், பொய்யின்னு தெரிஞ்சா டாக்டர் அவகூடப் பேச மாட்டாங்கல்லா. பொறவு அவங்க சொல்லுததை உனக்கு யாரு சொல்லுவா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. எழுந்து முகத்தைக் கழுவி, அந்தப் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றாள். டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வார்டு ஃப்ரிட்ஜிலிருந்து வேறு மருந்து எடுத்து அவரே தம்பிக்குப் போட்டார். அன்றிலிருந்து தினம் தவறாமல் குத்திக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில் அவன் இன்று முனிர்காவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

"யே கைஸே ஹுவா?" இது எப்படி நடந்தது என்று அன்று ஊசியைப் போட்டு முடித்ததும் டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளை அழுத்தினாள்.

"நான் சொல்லுததை மட்டும் சொல்லு. ஒரு வார்த்த கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தப்பு எம்பேர்லதான். பதினோரு வயசுப் பிள்ளகிட்ட மருந்தையும் குடுத்து, எம் பேச்சையும் குடுத்துட்டு நான் சும்மா இருந்துட்டேன். அவளை ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லு."

ஹிந்தியில் அதற்கு வார்த்தைகள் எனக்கு உடனே கிடைத்தன. தப்பு அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு மொழியையும் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன்.